பழைய காரின் முன்விளக்கு மங்கினால் முதலில் பார்க்க வேண்டியது

சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் காரில் ஒரு பக்க முன்விளக்கு மட்டும் மங்கலாக எரிகிறதா? உடனே புது பல்பு வாங்க ஓடாதீர்கள். பல்புகளை இடவலமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். மங்கல் பல்போடு போனால் பல்புதான் கோளாறு. அதே பக்கத்தில் நின்றால் பெரும்பாலும் ஒயரிங்தான். (ஹாலஜன் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள், கை எண்ணெய் பட்ட இடம் சூடேறி வெடிக்கலாம்.)

நம் ஊர் ஈரக்காற்றில் பெரும்பாலும் மாட்டுவது எர்த் இணைப்பு, அதாவது மின்சாரம் கார் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி. பாடியில் திருகிய இடத்தில் துரு, பச்சைப் பூச்சு. ஒரு ஒயரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை அந்த விளக்கின் எர்த் காலிலும் வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் கண்டுபிடித்தாயிற்று. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்குங்கள். என் காரில் இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, புளோக் கார்பேட்டையிலேயே முடிந்தது.

இரண்டும் எரியவில்லையா? ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சிறு ஸ்விட்ச்), விளக்கு ஸ்விட்ச் மூன்றையும் பாருங்கள். ஹாரன் ரிலே அதே எண்ணுடையதாக இருந்தால் மாற்றிப் பொருத்திச் சோதிக்கலாம். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் அதிக ஆம்பியர் போடாதீர்கள்; எங்கோ ஷார்ட், ஒயர் எரியும்.

சாக்கெட் பிளாஸ்டிக் உருகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். செனான் விளக்கு என்றால் கை வைக்கவே வேண்டாம், அதில் ஆயிரக்கணக்கான வோல்ட். பத்து வயது தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் பரிசோதனை, அங்கே விளக்கையும் பார்ப்பார்கள்.