மானிடவியல் இளங்கலை: பாடத்தின் பெயரைப் பார்க்கிறோம், நடத்துபவரைப் பார்ப்பதில்லை

மானிடவியலில் இளங்கலை சேர நினைப்பவர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது பாடப்பட்டியலைத்தான். அதில் தப்பில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வதால்தான் பிற்பாடு வரும் சிக்கல்களில் பாதி வருகிறது. இயற்பியலை எங்கே படித்தாலும் முதலாண்டில் நியூட்டனின் விதிகள் வந்தே தீரும். மானிடவியல் அப்படி இல்லை. ‘பண்பாட்டு மானிடவியல் அறிமுகம்’ என்ற அதே தலைப்பில் ஒருவர் உறவுமுறை, சடங்கு, கொடுக்கல் வாங்கல் என்று நடத்துவார். இன்னொருவர் புலம்பெயர்வு, மருத்துவமனை, இணையக் குழுக்கள் என்று நடத்துவார். இரண்டுமே முறையான மானிடவியல்தான். யார் வகுப்பில் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் படிக்கும் துறையே வேறாகிவிடுகிறது.

இதைக் கவனிக்காமல் செய்யும் முதல் தவறு, துறை எந்த மரபில் வந்தது என்று பார்க்காமல் சேர்வது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் போவாஸும் அவருடைய மாணவர்களும் வளர்த்த அமெரிக்க மரபில் நான்கு கிளைகள் உண்டு: பண்பாட்டு மானிடவியல், உயிரியல் மானிடவியல், தொல்லியல், மொழியியல் மானிடவியல். பிரிட்டனில் மாலினோவ்ஸ்கி, ராட்கிளிஃப்-பிரவுன் வழியில் வளர்ந்தது சமூக மானிடவியல். அங்கே பல இடங்களில் தொல்லியல் தனித்துறையாகவே இருக்கும். உலகின் மற்றப் பல்கலைக்கழகங்கள் பலவும் இந்த இரண்டில் ஒன்றைப் பின்பற்றுகின்றன, அல்லது இரண்டையும் கலந்து வைத்திருக்கின்றன. 1974-இல் எத்தியோப்பியாவின் ஹதாரில் கிடைத்த ‘லூசி’ எலும்புக்கூட்டைப் பற்றிப் படித்து, மனிதப் பரிணாமத்தில் ஆசை வந்து ஒருவர் சேர்கிறார் என்று வையுங்கள். துறையிலோ எலும்பைத் தொட்டுப் பாடம் நடத்த ஒரே ஒருவர்கூட இல்லை. எல்லாரும் சமூக மானிடவியலாளர்கள். அந்த மாணவரின் ஆர்வத்திலும் குறையில்லை, துறையிலும் குறையில்லை. ஆசிரியர் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரும் என்ன ஆய்வு செய்கிறார் என்று அரைமணி நேரம் வாசித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

பட்டியலில் அச்சாகியிருக்கும் பாடமெல்லாம் எல்லா ஆண்டும் நடக்கும் என்று நம்புவது அடுத்தது. மானிடவியலில் இது மற்றத் துறைகளைவிட அதிகமாகவே காலை வாரும். காரணம், இங்கே ஆசிரியர்களின் ஆய்வுக்கூடம் வெளியில் இருக்கிறது. ஒருவர் களப்பணிக்கென்று ஓராண்டு கிளம்பிவிட்டால் அவர் மட்டுமே நடத்தும் விருப்பப்பாடமும் அவரோடு போய்விடும். ஆகவே துறை அலுவலகத்தில் கேட்க வேண்டியவை இரண்டு. இந்தப் பாடம் கடந்த மூன்றாண்டுகளில் எத்தனை முறை நடந்தது? அடுத்த ஆண்டு யார் யார் ஆய்வு விடுப்பில் போகிறார்கள்? தயங்காமல் கேளுங்கள், இதற்குப் பதில் சொல்வது அவர்கள் வேலைதான்.

பேராசிரியர் என்ற பதவியை மட்டும் பார்த்து வகுப்பைத் தேர்ந்தெடுப்பதும் தவறு. பின்னாளில் புகழ்பெற்ற மானிடவியலாளரான மார்கரெட் மீட் பர்னார்ட் கல்லூரியில் உளவியல் படித்துக்கொண்டிருந்தவர். கடைசி ஆண்டில் போவாஸின் வகுப்பில் சேர்ந்தார். அங்கே உதவி ஆசிரியராக இருந்தவர் ரூத் பெனடிக்ட். மீட் மானிடவியலுக்கு வந்ததில் பெனடிக்டுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றும் பெரிய வகுப்புகளில் உங்கள் கட்டுரையை வரிவரியாகப் படித்துத் திருத்துபவர் பெரும்பாலும் களத்திலிருந்து அப்போதுதான் திரும்பி, முனைவர் ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கும் உதவி ஆசிரியராகத்தான் இருப்பார். அவரிடம் பேசாமல் விடுவது பெரிய இழப்பு.

அப்புறம், ஆசிரியர்களுக்கு எழுதும் மின்னஞ்சல். ‘ஐயா, எனக்கு மானிடவியலில் ஆர்வம் அதிகம், வழிகாட்டுங்கள்’ என்று எழுதினால் அவரும் பொதுவாக நாலு வரி எழுதி அனுப்புவார், வேறென்ன செய்ய முடியும்? அவருடைய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, ‘சந்தைக் கடன் பற்றிய உங்கள் கட்டுரையில் பெண் வியாபாரிகளோடு பேசியதாக எழுதியிருக்கிறீர்கள். கடன் தொகையை அவர்களாகவே சொன்னார்களா, நீங்கள் வேறு வழியில் சரிபார்த்தீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். எந்த ஆசிரியரும் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்துவிடுவார். ஏனென்றால் ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்பதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி.

அந்தக் கேள்வியோடு நேரடியாக மல்லுக்கட்டும் ஆய்வுமுறைப் பாடத்தைத்தான் பலரும் கடைசி ஆண்டுக்குத் தள்ளுகிறார்கள். நான் மிகவும் வருந்தும் தவறு இது. களக்குறிப்பு எழுதப் பழகாமல் இனவரைவியல் நூல்களை, அதாவது ஒரு மக்களோடு வாழ்ந்து அவர்களைப் பற்றி எழுதிய நூல்களை, படித்தால் அவை வெறும் தகவல் மூட்டையாகத் தெரியும். மாலினோவ்ஸ்கி பசிபிக்கின் டிரோபிரியண்ட் தீவுகளில் கண்ட குலா என்ற சடங்குப் பரிமாற்றத்தில் கழுத்தணிகள் வலஞ்சுழியாகவும் சங்கு வளைகள் இடஞ்சுழியாகவும் தீவுக்குத் தீவு போகும் என்று மனப்பாடம் செய்வார்கள். தீவுகள் பலவற்றைச் சுற்றிப்போகும் அந்த வட்டம் முழுவதும் ஒரே இடத்தில் நின்று பார்ப்பவர் கண்ணில் படாதே, அவர் அதை எப்படிக் கோத்தெடுத்தார் என்று கேட்கத் தோன்றாது.

களக்குறிப்பு எழுதுவதன் பாடம் என்ன என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ‘கிழவர் கோபத்தோடு எழுந்து போனார்’ என்று மாணவர் எழுதுகிறார். இதில் பார்த்தது எது, ஊகித்தது எது? ‘மருமகன் நிலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கிழவர் எழுந்தார். பாதித் தேநீர் கோப்பையிலேயே இருந்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை’ என்பது பார்த்தது. கோபமா, மரியாதையா, அந்தப் பேச்சில் அவர் இருக்கக் கூடாது என்ற வழக்கமா என்பது இனிமேல் விசாரிக்க வேண்டியது. இந்த வித்தியாசம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், ஆசிரியர் திருத்தித் திருத்தித்தான் வரும். அதனால் இரண்டாம் ஆண்டிலேயே எடுத்துவிடுங்கள்.

உயிரியலும் புள்ளியியலும் வேண்டாம் என்று ஒதுங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள் குழுவுக்கு உள்ளேயே இருக்கிறது என்று மரபியலாளர் ரிச்சர்ட் லெவோன்டின் 1972-இல் கணக்கிட்டுக் காட்டினார். ‘இனம்’ என்ற கருத்தைப் பற்றிய எந்த விவாதத்திலும் இந்த எண் வந்து நிற்கும். அது எப்படி வந்தது என்று புரியாமல் பேசினால் கேட்டதைத் திருப்பிச் சொல்வதாகவே இருக்கும்.

பழைய நூல்களை வேதமாகவோ குப்பையாகவோ படிப்பதும் பரவலான தவறு. சமோவாத் தீவின் வளரிளம் பெண்களைப் பற்றி மீட் 1928-இல் வெளியிட்ட ஆய்வை 1983-இல் மானிடவியலாளர் டெரெக் ஃப்ரீமன் கடுமையாக மறுத்தார்; பிறகு ஃப்ரீமனின் மறுப்பையே பலர் மறுத்தார்கள். குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் புதிய நாட்டுச் சூழலால் தலை வடிவமே மாறுகிறது என்று சொல்லப் போவாஸ் பயன்படுத்திய அளவுகளை ஏறத்தாழ நூறாண்டு கழித்து ஒரு குழு மீண்டும் ஆராய்ந்து, சூழலின் விளைவு மிகச் சிறியது என்றது. அடுத்த ஆண்டே இன்னொரு குழு அதே அளவுகளை வைத்து, போவாஸ் சொன்னது பெருமளவு சரி என்றது. இப்படிப்பட்ட இடங்களில் உங்கள் துறை ஆசிரியர்களே எதிரெதிர்ப் பக்கம் நிற்கலாம். யாருக்குப் பிடிக்கும் என்று பார்த்துக் கட்டுரை எழுதாதீர்கள். இருவரிடமும் போய்க் காரணம் கேளுங்கள். மூன்று ஆண்டு வகுப்புகளில் கிடைக்காதது அந்த இரண்டு உரையாடல்களில் கிடைக்கலாம்.

கடைசியாக ஆய்வேடு. நீங்கள் ஆராய நினைக்கும் ஊரையோ மக்களையோ தெரிந்தவர்தான் வழிகாட்டியாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முறை தெரிந்தவர் போதும், பல நேரம் அவரே மேல். மூன்று மாதம் பேட்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால், பேட்டிகளை வைத்தே ஆய்வு செய்திருப்பவரிடம் போங்கள். மனிதர்களைப் பற்றிய ஆய்வுக்குப் பல பல்கலைக்கழகங்களில் நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவை, அது வர வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அனுமதி வருமுன் எடுத்த பேட்டிகளை ஆய்வேட்டில் பயன்படுத்த முடியாமல் போகலாம். ஆகவே கடைசி ஆண்டு தொடங்கும்போது வழிகாட்டியைத் தேடாதீர்கள். அதற்கு முந்தைய செமஸ்டரிலேயே ஒரு பக்கத் திட்டத்தை எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். யாரோடு பேசப் போகிறீர்கள், அவர்களிடம் சம்மதம் எப்படிக் கேட்பீர்கள், பெயர்களை எப்படி மறைப்பீர்கள் என்ற மூன்றும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கட்டும்.