ஏ320 லீவர் ஏன் நகர மாட்டேங்குது? சிமுலேட்டர் ஓட்ற பசங்களுக்கு

சிமுலேட்டர்ல கேஎல்-லருந்து (கோலாலம்பூர்) பினாங்குக்கு ஏர்பஸ் ஏ320 விமானம் ஓட்டிப் பழகுற தம்பிங்க எல்லாரும் முதல்ல கேக்குறது இதுதான், ஆட்டோ த்ரஸ்ட் (என்ஜின் வேகத்தைத் தானா கூட்டிக் குறைக்குறது) வேலை செய்யுது, என்ஜின் சத்தம் ஏறி இறங்குது, ஆனா கையால தள்ளுற த்ரஸ்ட் லீவர் மட்டும் அப்படியே கெடக்குதே அண்ணே, கெட்டுப் போச்சான்னு. கெட்டுப் போகல லா. போயிங் 737-ல மோட்டார் வச்சு லீவரையே நகத்தும், ஏர்பஸ்ல அது கெடையாது.

அம்மா கைல 50 வெள்ளி (ரிங்கிட்) குடுத்து, இதுக்குள்ள என்ன வேணுமோ வாங்கிக்கன்னு சொல்றாங்கன்னு வச்சுக்க. அந்த 50 வெள்ளிதான் லீவர். செலவு பண்றது ஆட்டோ த்ரஸ்ட். கடைல 12 வெள்ளிதான் ஆச்சுன்னா மிச்சம் அப்படியே கைல இருக்கும், ஆனா 50-ஐ தாண்ட முடியாது.

டேக் ஆஃப்ல முதல்ல லீவரைப் பாதி அளவு தள்ளி ரெண்டு என்ஜினும் ஒரே மாதிரி ஏறுதான்னு பாரு, அப்புறம் ஃப்ளெக்ஸ் (கொறச்ச டேக் ஆஃப் த்ரஸ்ட்) இல்லன்னா டோகா (முழு த்ரஸ்ட்) கிளிக்ல, அதாவது லீவர் 'டிக்'னு போய் நிக்கிற இடத்துல வை. இப்ப ஆட்டோ த்ரஸ்ட் ரெடியா காத்திருக்கு, அவ்ளோதான், த்ரஸ்ட் குடுக்குறது நீதான். சாதாரணமா 1,500 அடி கிட்ட ஸ்கிரீன் மேல "லீவர் கிளைம்ப்"னு மின்னும், உடனே அதுக்குப் பின்னால இருக்குற கிளைம்ப் (மேல ஏறுற த்ரஸ்ட்) கிளிக்குக்கு இழு. அப்பதான் ஆட்டோ த்ரஸ்ட் பொறுப்பை எடுத்துக்கும், அப்புறம் ஏறுறது பறக்குறது இறங்குறது எல்லாத்துக்கும் லீவர் அங்கயே இருக்கட்டும்.

நான் மாட்டுனது இதை ஆஃப் பண்றப்பதான். பினாங்கு 04 ரன்வேக்கு இறங்கிட்டிருந்தேன், கையாலயே ஓட்டலாம்னு ஆசைப்பட்டு லீவர்ல இருக்குற சிவப்பு பட்டனை அமுக்கிட்டேன், லீவர் இன்னும் கிளைம்ப்ல இருக்கு, அது பாட்டுக்கு என்ஜின் உறுமிக்கிட்டு முழு கிளைம்ப் த்ரஸ்ட்டுக்குப் போயிருச்சு, ஸ்பீடு எகிறி மேல சுத்திப் போக வேண்டியதாப் போச்சு. சரியான முறை என்னன்னா, ஸ்கிரீன்ல என்ஜின் சுத்துற வேகத்தைக் காட்டுற என்1 வட்டத்துல ஒரு சின்ன நீல வளையம் தெரியும், அது உன் லீவர் இருக்குற இடம். லீவரைப் பின்னால இழுத்து அந்த வளையத்தை முள்ளுக்கு நேரா கொண்டு வா, அப்புறம் பட்டனை அமுக்கு. ஒண்ணும் ஆகாது.

ரன்வே மேல 20 அடில "ரிட்டார்ட்"னு கத்தும். அது தானா ஐடிலுக்கு (ரொம்பக் கம்மி த்ரஸ்ட்) போகுதுன்னு சொல்ற சத்தம் இல்ல, நீ இழுன்னு சொல்றது. ரெண்டு லீவரையும் இழுக்கணும், ஒண்ணு இல்ல. 2007-ல சாவ் பாலோவுல ஒரு ஏ320 எறங்குனப்ப ஒரு லீவர் கிளைம்ப்லயே இருந்துருச்சு, இறக்கை மேல எழும்பி விமானத்தை நிறுத்த உதவுற ஸ்பாய்லர் தகடுங்க எழும்பவே இல்ல, 199 பேர் செத்துட்டாங்க.

வீட்டு த்ராட்டில்ல கிளிக் இல்லாதவங்க செட்டிங்ஸ்ல கிளைம்ப் இடத்தைக் கொஞ்சம் அகலமா வச்சுக்குங்க, இல்லாட்டி கை லேசா பட்டாலே அந்த இடத்தை விட்டு நழுவிரும்.