உப்புக்காற்றும் பெல்லட் அடுப்பும்: ராத்திரி சாம்பலைத் தங்க விடாதீர்கள்

பெல்லட் என்பது மரத்தூளையோ உமியையோ அழுத்திச் செய்த சின்னக் குச்சி எரிபொருள். சென்னையில் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் மாதிரி கடலோரத்தில், அதை எரிக்கிற ஃபேன் வைத்த அடுப்பைக் கெடுப்பது கரியை விடச் சாம்பல்தான். சாம்பலில் காரம் (ஆல்கலி) உண்டு. கடல்காற்றின் ஈரத்தை இழுத்து அது நசநசத்துப் போனால், உப்பும் சேர்ந்துகொண்டு தகட்டை அரிக்கும். அதனால் காலையில் இட்லி அவித்து முடித்தால், சாயங்காலத்துக்குள் சாம்பல் வெளியே போயிருக்க வேண்டும்.

அடுப்பு எரிகிற விதம் புரிந்தால் பாதிக் கோளாறை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அடியிலிருந்து வரும் காற்று சல்லடைத் தட்டு வழியாக ஏறி பெல்லட்டைக் கனல வைத்துப் புகையாக்குகிறது. மேல் விளிம்பு ஓரத்துத் துளைகளில் வரும் காற்று அந்தப் புகையை எரித்துத் தீயாக்குகிறது. அடிக்காற்று அடைத்தால் தீ சோம்பும். மேல் துளை அடைத்தால் தீ நன்றாகத் தெரிந்தாலும் பாத்திரத்தின் அடி கருத்துப் போகும்.

சாம்பல் அள்ளுவதற்கு முன் அடுப்பு முழுசாக ஆறட்டும். மேலே வெள்ளையாக இருந்தாலும் உள்ளே கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும். மூடியுள்ள தகர டின்னில்தான் கொட்ட வேண்டும். பிளாஸ்டிக் குப்பைக்கூடை வேண்டாம். சீக்கிரம் ஆறட்டும் என்று சூட்டில் தண்ணீர் தெளித்தால் தகடு நெளியும், உள்பூச்சு இருந்தால் விரிசல் விடும். அந்தச் சாம்பலால் பித்தளை துலக்கலாம். அலுமினியத்தில் மட்டும் போடாதீர்கள், காரம் அதைத் தின்றுவிடும்.

சல்லடைத் தட்டைத் தூக்கி, கவிழ்த்துத் தட்டுங்கள். கண்ணாடி மாதிரி இறுகி ஒட்டியிருப்பது கிட்டம். சாம்பல் உருகி உறைந்தது. பழைய தோசைக்கரண்டியின் ஓரத்தால் நெம்பினால் வந்துவிடும். தினமும் கிட்டம் கட்டினால் பெல்லட்டில் மண் கலந்திருக்கலாம், இல்லை ஃபேனை அளவுக்கு மீறி வைத்திருக்கலாம். எதில் செய்த பெல்லட் என்பதும் முக்கியம். நல்ல மரத்தூள் பெல்லட் 5 கிலோ எரித்தால் 100 கிராம் சாம்பல் கூடத் தேறாது. உமி பெல்லட்டில் அதே 5 கிலோவுக்கு முக்கால் கிலோவுக்கு மேல் வரும். உமிதான் மலிவு என்று வாங்கினால், தட்டை ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்கிற பொறுமையையும் சேர்த்து வாங்க வேண்டும்.

வாரம் ஒருமுறை மேல் துளைகளை மெல்லிய கம்பியால் குத்தி விடுங்கள். ஆணியை விட்டுத் துளையைப் பெரிதாக்கினால் காற்றின் வேகம் குறைந்து புகை இன்னும் கூடும். பலரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது: குத்தும்போது கரி, அடுப்பின் உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் நடுவிலுள்ள காற்றுப் பாதையில் விழும். ஃபேனைக் கழற்றி வைத்துவிட்டு அடுப்பைக் கவிழ்த்து, பக்கவாட்டில் தட்டி அதையும் கொட்ட வேண்டும். இல்லையென்றால் துளை சுத்தமாகத்தான் இருக்கும், காற்றுதான் வராது.

கழற்றிய ஃபேனை ஒரு இன்ச் பெயிண்ட் பிரஷ்ஷால் உலர்வாகத் துடையுங்கள், ஈரத்துணி ஆகாது. மாற்ற வேண்டி வந்தால் பழையதையும் அடாப்டரையும் கையோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு எடுத்துப் போங்கள். அளவு, வோல்ட், ஆம்பியர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பக்கவாட்டில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்துப் பொருத்துங்கள். சிவப்பு, கருப்பு ஒயரை மாற்றிக் கொடுத்தால் இந்த வகை ஃபேன் சுற்றாது.

ஃபேன் அடிக்கடி போகிறதென்றால் ஃபேனைத் திட்டாதீர்கள். தீ அணைந்ததும் சுவிட்சை நிறுத்தும் பழக்கம்தான் காரணமாக இருக்கும். காற்று நின்றதும் கங்கின் சூடு கீழே இறங்கி இறக்கையை உருக்கும். கங்கு தணியும் வரை குறைந்த வேகத்தில் ஓடட்டும். கரண்ட் போனாலும் இதே கதைதான், கூடவே புகையும் மண்டும். ஒரு சின்ன பேட்டரி வைத்துக்கொள்வது நல்லது.

காற்று எங்கோ கசிகிறது என்று சந்தேகமா? தீ மூட்டாமல் ஃபேனை மட்டும் போட்டு, இணைப்புகளின் ஓரமாக ஒரு ஊதுபத்தியை மெதுவாக நகர்த்துங்கள். நேராக எழும் புகைக்கோடு எங்கே சட்டென்று வெளிப்பக்கம் சாய்கிறதோ, அங்கேதான் ஓட்டை. சூடு தாங்கும் ஃபயர் சிமெண்ட் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு எரியுங்கள்.

பெல்லட்டைக் கையால் ஒடித்துப் பாருங்கள், டக்கென்று முறிய வேண்டும். தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும். மிதந்தால் சரியாக அழுத்தப்படாதது. பொத பொதவென்று ஊதியது ஈரம் பட்டது, புகையும் கரியும்தான் தரும். மூடியுள்ள டிரம்மில், பலகை மேல் வைத்துச் சேமியுங்கள். அடியில் தங்கும் தூளை முறத்தில் புடைத்து நீக்காமல் போட்டால், அது சல்லடைத் துளையை அடைக்கும். மேல் துளைகளுக்கு ஒரு விரற்கடை கீழே வரைதான் நிரப்ப வேண்டும். பற்றவைக்க மேலே கொஞ்சம் தேங்காய் நாரும் ஒரு துண்டு சூடமும் போதும்.

கதவைச் சாத்திக்கொண்டு இந்த அடுப்பை எரிக்கவே கூடாது. தீ அணைந்து கங்கு மட்டும் கனலும்போதுதான் கார்பன் மோனாக்சைடு பயம் அதிகம். அதற்கு மணம் கிடையாது, கண்ணும் கரிக்காது. மழை நாளில் குளிர் காய்வதற்காகக் கங்கோடு அடுப்பைப் படுக்கிற அறைக்குள் கொண்டு போகாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் அடுப்பை நிறுத்தி வைப்பதானால் கடைசியாக ஒருமுறை வெறும் பெல்லட் போட்டு எரித்து ஈரத்தை ஓட்டி, ஆறியதும் சாம்பலைத் துடைத்து, வெளித்தகட்டில் லேசாக எண்ணெய் தடவுங்கள். ஃபேனைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். அடுப்பின் மேல் சாக்கு போர்த்துங்கள்; பிளாஸ்டிக் ஷீட் போட்டால் உள்ளே வேர்த்துத் துரு ஏறும்.