சக்கரம் மேலே போன பிறகும் பம்ப் அடிக்கடி ஓடினால்

லான்கேர் 360 போன்ற வீட்டில் கட்டும் விமானங்களில் பிரதான சக்கரங்களை மேலே பிடித்து வைப்பது கொக்கி அல்ல, எண்ணெய் அழுத்தம்தான். அழுத்தம் இறங்கினால் பிரஷர் ஸ்விட்ச், மின் மோட்டாரில் இயங்கும் எண்ணெய் பம்ப்பை மறுபடி ஓட்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை 'உர்ர்' என்று கேட்டால் எங்கோ கசிவு. பம்ப்பைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள்.

விமானத்தை ஜாக்கில் ஏற்றுங்கள். பம்ப்பின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரை இழுத்து, அழுத்தத்தை விடுவிக்கும் டம்ப் வால்வைத் திறந்து, அழுத்தம் பூஜ்யமான பிறகே குழாயைத் தொடுங்கள். சந்தேகப்படும் சக்கரச் சிலிண்டரின் 'இறக்கும்' பக்கக் குழாயைக் கழற்றி, குழாய்க்கு மூடியிடுங்கள். சிலிண்டரின் திறந்த வாய்க்குக் கீழே கிண்ணம் வையுங்கள். டம்ப் வால்வை மூடி, பிரேக்கரை மறுபடி அழுத்திச் சக்கரத்தை ஏற்றுங்கள். முதலில் கொஞ்சம் எண்ணெய் கொட்டும், அது இயல்பு. ஏறி நின்ற பிறகும் சிவப்புச் சொட்டு தொடர்ந்தால் பிஸ்டனின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போய்விட்டது. மூன்று சிலிண்டரும் உலர்ந்திருந்தால் டம்ப் வால்வையும் எண்ணெயை ஒரே திசையில் விடும் பம்ப்பின் செக் வால்வையும் பாருங்கள். வால்வு அமர்ந்து அடைக்கும் இடத்தில் ஒட்டிய ஒரு நூலிழை போதும், அழுத்தம் நிற்காது.

மோட்டார் முனகினால், ஓடும்போதே பேட்டரியிலும் மோட்டார் முனையிலும் வோல்ட் அளவெடுங்கள். 1 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் என்றால் ரிலே, எர்த் இணைப்புகளைச் சுத்தம் செய்யுங்கள். நிற்காமல் ஓடினால் உடனே பிரேக்கரை இழுங்கள்: எண்ணெய் குறைவு, காற்று அல்லது ஒட்டிக்கொண்ட ஸ்விட்ச்.

5606 எனும் சிவப்பு விமான ஹைட்ராலிக் எண்ணெய் மட்டுமே ஊற்றுங்கள். கார் பிரேக் எண்ணெய் கலந்தால் சீல்கள் கெட்டுவிடும். மொத்தத்தையும் மாற்ற வேண்டிவரும்.