‘கிளேவ் இளவரசி’யை எப்படி வாசிப்பது?

1678-இல் பாரிஸில் ஆசிரியர் பெயரின்றி வெளியான ‘கிளேவ் இளவரசி’ என்னும் நாவலை எழுதியவர் மதாம் த லாஃபயெத் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. சிறிய புத்தகந்தான், ஆனாலும் தொடக்கத்தில் அணிவகுக்கும் பிரபுக்களின் பெயர்களைக் கண்டு மிரண்டு, கதை தொடங்கும் முன்பே மூடி வைத்துவிடுபவர்கள் உண்டு. அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிரான்சின் மன்னர் இரண்டாம் ஹென்றி, அவருடைய அரசி காதரின், மன்னரின் ஆசைநாயகி தியான், பட்டத்து இளவரசரின் மனைவியான மேரி ஸ்டூவர்ட் ஆகிய நால்வரை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கதை நிகழ்வது 1558, 1559 ஆண்டுகளில். மன்னர் 1559-இல் குதிரைப் போட்டியில் காயமுற்று இறந்தது வரலாறு. கதாநாயகியான கிளேவ் இளவரசியோ கற்பனை.

அவள் கணவரை மதிக்கிறாள்; மனமோ நெமூர் கோமகனிடம் செல்கிறது. இந்த ஒரு வரிக் கதையைத் தேடி ஓடாமல், ஒவ்வொரு காட்சியிலும் யார் யாரைப் பார்க்கிறார்கள், பார்ப்பது யாருக்குத் தெரிகிறது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். ஓவியம் திருடப்படும் காட்சியை இருமுறை வாசிப்பது நல்லது. மேசைமேல் இருக்கும் அவளுடைய சிற்றோவியத்தை நெமூர் எடுப்பதைக் கட்டில் திரையின் இடைவெளியில் அவள் கண்டுவிடுகிறாள். எல்லோர் முன்பும் திருப்பிக் கேட்டால் அவருடைய காதல் ஊரறிந்துவிடும். தனியே கேட்டாலோ, அவர் மனம் திறந்து பேச இவளே வழிவிட்டதாகும். ஆகவே வாய் திறவாமல் இருக்கிறாள். ஓவியத்தைக் காணாமல் தேடும் கணவர், ஒளித்துவைத்த காதலன் யாருக்கேனும் கொடுத்துவிட்டாயோ என்று சிரித்துக்கொண்டே கேட்பதையும் கவனிக்கத் தவறாதீர்கள். நாவலில் என்னை மிகவும் உலுக்கிய வேடிக்கைப் பேச்சு அது.

இடையிடையே வரும் கிளைக்கதைகளைத் தாண்டிச் செல்ல மனம் உந்தும். தியானின் கதையைக் கதாநாயகிக்கு அவளுடைய தாய் சொல்வது பொழுதுபோக்க அல்ல, அவையில் வெளித்தோற்றத்தை நம்பாதே என்று எச்சரிக்க. கிளைக்கதையைச் சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பதை ஓரத்தில் குறித்துவைத்தால் பின்னால் உதவும்.

கூலொமியே மாளிகையில், தன் மனம் வேறொருவரை நாடுவதை அவள் பெயர் சொல்லாமல் கணவரிடமே ஒப்புக்கொள்கிறாள்; மறைந்திருந்து நெமூர் அதைக் கேட்கிறார். மனைவி இப்படிச் சொல்லலாமா என்று அக்காலத்து ‘மெர்க்யூர் கலான்’ இதழ் தன் வாசகர்களிடமே கேள்வி விடுத்தது. நீங்களும் உங்கள் விடையை அந்த இடத்திலேயே எழுதி வைத்துவிட்டு மேலே படியுங்கள், ஏனெனில் நெமூர் அந்த இரகசியத்தை யாருடையதோ போல நண்பரிடம் உளற, அது அவையெங்கும் சுற்றி வந்த பின் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் சந்தேகிக்கும்போது விடை மாறக்கூடும்.

கணவர் இறந்த பின்னும் அவள் நெமூரை மறுப்பது பலருக்குப் புரிவதில்லை. அந்தக் கடைசி உரையாடலில் அவள் சொல்லும் காரணங்களைப் பிரித்துப் பாருங்கள்: ஒன்று இறந்தவருக்குச் செய்ய வேண்டிய கடமை, மற்றொன்று தடைகள் நீங்கியதும் நெமூரின் காதல் வடிந்துவிடும் என்ற அச்சம். முதலாவதை அவள் உரக்கச் சொன்னாலும், இரண்டாவதுதான் கனமானது என்பது என் எண்ணம்.