டவர் ஃபுல், நெட் இல்லை: லேப்டாப்பில் மொபைல் இணையம் தடுமாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிம் போட்டு லேப்டாப்பின் யூஎஸ்பி போர்ட்டில் செருகும் இணையக் குச்சியான ஒரு டாங்கிளைத் திட்டியே ஒரு வாரத்தை வீணாக்கியிருக்கிறேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுந்தது. சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு டவரில் ஏதாவது வேலை நடக்கிறதா என்று கேட்டேன். கடைசியில், பக்கத்து போர்ட்டில் செருகியிருந்த ஹார்ட் டிஸ்க்கை வேறு காரணத்துக்காகப் பிடுங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். என் உண்மையான தவறு ஹார்ட் டிஸ்க்கைப் பக்கத்தில் செருகியது அல்ல. எங்கே அறுகிறது என்று பார்க்காமலே கண்டதையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்ததுதான்.

லேப்டாப்பிலிருந்து இணையம்வரை மூன்று கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது லேப்டாப்புக்கும் மோடத்துக்கும் நடுவில் இருப்பது. மோடம் என்பது டாங்கிளாக இருக்கலாம், ஹாட்ஸ்பாட் போட்ட போனாக இருக்கலாம், லேப்டாப்புக்குள்ளேயே பொருத்தியதாகவும் இருக்கலாம். இரண்டாவது மோடத்துக்கும் டவருக்கும் நடுவில். மூன்றாவது டவருக்கு அப்பால். மூன்றில் எது அறுந்தாலும் திரையில் தெரிவது ஒரே செய்திதான்: இணையம் இல்லை. அதனால்தான் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள்.

பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கடினம் இல்லை. ஹாட்ஸ்பாட் என்றால், லேப்டாப்பில் நெட் நின்ற அதே நொடியில் போனில் ஒரு புதிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். போனில் வந்தால் டவர்மேல் பழி போட வேண்டாம், கோளாறு வைஃபையிலோ லேப்டாப்பிலோ இருக்கிறது. இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் கமாண்ட் விண்டோ இரண்டைத் திறந்து இரண்டு பிங் ஓடவிடுங்கள். பிங் என்பது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா, எத்தனை மில்லிவிநாடியில் வருகிறது என்று பார்க்கும் கட்டளை. ஒன்று போனின் கேட்வே முகவரிக்கு (லேப்டாப் வெளியே போகும் வாசலாகப் போனைப் பார்க்கும் முகவரி), மற்றொன்று இணையத்தில் இருக்கும் கூகிளின் 8.8.8.8-க்கு. கேட்வேயே பதில் சொல்லவில்லை என்றால் முதல் கண்ணி. கேட்வே பேசுகிறது, 8.8.8.8 பேசவில்லை என்றால் டவர் பக்கம். இரண்டும் பேசுகின்றன, ஆனால் பக்கம் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது), விபிஎன் (இணைப்பை மறைகுறியாக்கி வேறொரு சர்வர் வழியாக அனுப்புவது) மாதிரியான மென்பொருள் சமாச்சாரம். டாங்கிள்களில் சிலவற்றுக்குப் பதில் சொல்லும் கேட்வே இருக்காது. அங்கே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: நெட் போகும்போது யூஎஸ்பி கழன்றால் வரும் அந்த 'டடங்' சத்தம் கேட்டால், சிக்னலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சாதனமே லேப்டாப்பை விட்டுப் போய் வருகிறது.

கோடுகளை நம்புவது

"டவர் ஃபுல்லா இருக்கு, ஆனா நெட் வரல" என்று சொல்லாதவர் இல்லை. எத்தனை கோடு என்பதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி போட்டுக்கொள்கிறது. அதோடு, கோடுகள் பெரும்பாலும் சிக்னலின் வலிமையைத்தான் காட்டுகின்றன. அந்த டவரில் எத்தனை பேர் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டுவதில்லை. மாலையில் மட்டும் தடுமாறி அதிகாலையில் பறக்கும் இணைப்பு என்றால் அநேகமாக நெரிசல்தான். லேப்டாப்பில் என்ன மாற்றினாலும் அது தீராது.

எண்ணைப் பாருங்கள். டாங்கிளின் அமைப்புப் பக்கத்திலோ போனின் சிம் நிலைத் தகவலிலோ ஆர்எஸ்ஆர்பி என்று, டவர் சிக்னலின் வலிமையை டிபிஎம் அளவில் சொல்லும் ஓர் எண் இருக்கும். அது எப்போதும் கழித்தல் குறியோடு வரும், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. 4ஜி-யில் -80 என்றால் அருமை, -100 என்றால் ஓடும், -110-க்குக் கீழே போனால் தள்ளாட்டம்தான். கூடவே எஸ்ஐஎன்ஆர் இருந்தால் அதையும் கவனியுங்கள். அது இரைச்சலுக்கு நடுவில் சிக்னல் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதன் அளவு. 20 என்றால் ரொம்ப நன்று, பூஜ்யத்தை ஒட்டினால் கோடு எத்தனை இருந்தாலும் பயனில்லை. ஜன்னல் பக்கம் இரண்டடி நகர்ந்தாலே இந்த எண்கள் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஸ்பீடு டெஸ்டை மறுபடி மறுபடி ஓட்டுவதும் இதே ரகம். அது சில விநாடிகளில் எவ்வளவு வேகம் கிடைத்தது என்று சொல்லும், பத்து நிமிடத்தில் எத்தனை முறை அறுந்தது என்று சொல்லாது. டேட்டாவையும் தின்றுவிடும். பத்து நிமிடம் ஓடும் ஒரு பிங் போதும்: எத்தனை பதில் வரவில்லை, வந்தவற்றில் மில்லிவிநாடி எண் 40-லிருந்து 900-க்குத் தாவுகிறதா என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

சரி, ஹார்ட் டிஸ்க் கதை

யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சலைக் கிளப்பும். இதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. போர்ட், கேபிள், மறுமுனையில் இருக்கும் சாதனம், எதிலிருந்தும் அது கசியலாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நேரடியாக அடிவாங்கும். 2300, 2500 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடும் 4ஜி அலைவரிசைகளும் தப்புவதில்லை. டாங்கிளுக்கு இரண்டு விரல் தூரத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தால், காதருகே பறை அடிக்கும்போது ரகசியம் கேட்பது போலத்தான்.

தீர்வு மலிவானது: அரை மீட்டர், ஒரு மீட்டர் நீளமுள்ள யூஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கேபிள். டாங்கிள் இரைச்சலை விட்டும், லேப்டாப்பின் சூட்டை விட்டும் தள்ளிப்போகும், ஜன்னலுக்கும் கிட்டே வரும். வேகம் குறையுமே என்று பயப்பட வேண்டாம், 480 எம்பிபிஎஸ் வரை அந்தக் கேபிள் தாங்கும். மூன்று மீட்டர் மெல்லிய கேபிள் வாங்கினால் மட்டும் வேறு வம்பு, மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துவிடும்.

மின்சாரம் என்றதும் அடுத்த தவறு ஞாபகம் வருகிறது. தனி மின்சாரம் இல்லாத ஹப்பில் மவுஸ், பென் டிரைவ், டாங்கிள் எல்லாவற்றையும் சேர்த்துச் செருகுவது. யூஎஸ்பி 2.0 போர்ட் தரக் கடமைப்பட்டது 500 மில்லிஆம்பியர், 3.0 என்றால் 900. டவர் தூரமாக இருக்கும்போது டாங்கிள் உரக்கக் கத்த வேண்டியிருக்கிறது, அப்போதுதான் அதற்கு அதிக மின்சாரம் தேவை. பங்கு போட ஆள் இருந்தால் அந்த நேரம் பார்த்து மயங்கி விழும். சிக்னல் குறைந்த இடத்தில் மட்டும் 'டடங்' சத்தம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

லேப்டாப்பும் சும்மா இருப்பதில்லை, சிக்கனம் பிடிக்கும். டிவைஸ் மேனேஜரில் மோடத்தின் பண்புகளில் பவர் மேனேஜ்மென்ட் பகுதி இருந்தால், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பவர் பிளானில், சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தைத் தூங்கவைக்கும் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் தெரிந்தால் அதையும் நிறுத்திப் பாருங்கள். சார்ஜர் போட்டால் நன்றாக ஓடி, பேட்டரியில் மட்டும் அறுகிறதென்றால் காரணம் அநேகமாக இங்கேதான் இருக்கும்.

ஹாட்ஸ்பாட் வைத்திருப்பவர்களுக்கு

போனைச் சார்ஜில் போட்டு, ஹாட்ஸ்பாட்டையும் போட்டு, தலையணை மேல் வைப்பது. போன் சூடாகும், சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். வெறும் மேசை மேல் வையுங்கள். கேபிள் கையில் இருந்தால் யூஎஸ்பி டெதரிங் செய்யுங்கள், அதாவது போனின் நெட்டைக் கேபிள் வழியாகவே லேப்டாப்புக்குக் கொடுங்கள், வைஃபை என்ற கண்ணியே இல்லாமல் போய்விடும். என்னைக் கேட்டால் ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் ஹாட்ஸ்பாட்டை மறந்துவிடலாம்.

இன்னொன்று, அதிகம் பேர் கவனிக்காதது: இரண்டு சிம் போட்ட போனில், டேட்டா இல்லாத சிம்முக்கு அழைப்பு வந்தால் பல போன்களில் பேசி முடிக்கும்வரை நெட் நின்றுவிடும். "அடிக்கடி காரணமே இல்லாமல் போகுது" என்பவர்கள் போன் வந்த நேரங்களோடு ஒத்துப்பாருங்கள். 5ஜி எல்லையில் இருப்பவர்களுக்கும் இதே போன்ற தொல்லை உண்டு. போன் 5ஜி-க்கும் 4ஜி-க்கும் தாவிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் 4ஜி-யில் மட்டும் நிறுத்திப் பாருங்கள், வேகம் குறையலாம், ஆனால் நிலையாக நிற்கும்.

அவசரப்பட்டுத் தொடக்கூடாதவை

மொபைல் நிறுவனத்தின் இணையத்துக்குள் நுழையும் வாசலின் பெயரான ஏபிஎன் அமைப்பை எங்கோ படித்த 'அதிவேக' ஏபிஎன்னாக மாற்றுவது. ஏபிஎன் தவறாக இருந்தால் பெரும்பாலும் நெட் வரவே வராது, வந்து வந்து போவதற்கு அது காரணமாவது அபூர்வம். டிஎன்எஸ் மாற்றுவதும் அப்படியே, அறுந்த இணைப்பை அது ஒட்டவைக்காது. விண்டோஸின் நெட்வொர்க் ரீசெட் கடைசி ஆயுதம்: சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்களை அழித்துவிடும், விபிஎன் அமைப்பையும் மறுபடி போட வேண்டிவரலாம்.

விபிஎன் போட்டால் மட்டும் சிறு செய்திகள் போய், பெரிய கோப்புகள் பாதியில் நிற்கின்றனவா? அது எம்டியூ (ஒரே தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) சிக்கலாக இருக்கலாம். விபிஎன் அமைப்பில் 1500 என்றிருப்பதை 1400 அல்லது அதற்கும் கீழே குறைத்துப் பாருங்கள். கிளவுட் பேக்கப் பின்னணியில் மேலேற்றிக்கொண்டிருந்தாலும் பிங் எகிறும், விண்டோஸில் இந்த இணைப்பை மீட்டர்டு (டேட்டாவை அளந்து செலவழிக்க வேண்டியது) என்று குறித்துவிட்டால் அது கொஞ்சம் அடங்கும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். நான்கை ஒரே சமயத்தில் மாற்றிச் சரியானால் எது சரிசெய்தது என்று தெரியாது, மோசமானால் எதைத் திருப்பி வைப்பது என்றும் தெரியாது. அறுந்த நேரங்களை ஒரு தாளில் குறித்துவையுங்கள், சிம்மை வேறொரு போனில் போட்டு அதே இடத்தில் சோதியுங்கள். அங்கேயும் அறுந்தால் வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிடலாம். "நெட் சரியில்லை" என்றால் போனை அணைத்துப் போடச் சொல்வார்கள். தேதி, நேரம், ஆர்எஸ்ஆர்பி எண், செல் ஐடி (எந்த டவர் பகுதியில் இணைந்திருக்கிறீர்கள் என்று காட்டும் எண்), இரண்டு கருவிகளில் சோதித்த விவரம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, புகார் எண்ணை வாங்கிக்கொண்டு வையுங்கள்.