இறுகிப்போன பிரேக் கேலிப்பரைச் சரிசெய்வது எப்படி?

சிங்கப்பூரில் பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிவான காரை ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம். மற்ற நாளெல்லாம் சும்மா நிற்கும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். கேலிப்பர் என்பது சக்கரத்தோடு சுற்றும் தட்டைப் பேடால் கவ்விப் பிடிக்கும் இடுக்கி. அதற்குள் பேடைத் தள்ளும் உருளைதான் பிஸ்டன். துரு பிடித்து பிஸ்டன் இறுகிவிடும். கார் ஒரு பக்கம் இழுத்தால், ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் கேலிப்பரைப் பாருங்கள். காற்றை வெளியேற்றும் சிறு திருகான பிளீட் நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் தாராளமாகச் சுற்றினால் பழுது பிரேக் ஆயில் வரும் ஹோஸில் இருக்கலாம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிடத்தில் இந்த வேலை வேண்டாம். காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் ஓர் ஓரம் கேளுங்கள்.

காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

அடுத்து, ஹோஸைக் கழற்ற அவசரப்படாதீர்கள். கேலிப்பரை மட்டும் அவிழ்த்துக் கம்பியில் தொங்கவிட்டு, பேடை எடுத்துவிட்டு, பிஸ்டனுக்கு எதிரே மரத்துண்டு வைத்து, ஒருவரைப் பிரேக்கை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். இறுகிய பிஸ்டனைத் தள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கம்ப்ரெஸர் காற்று அடித்தால் பிஸ்டன் குண்டு மாதிரி பாயும், விரல் பத்திரம்.

பிஸ்டன் வந்ததும் ஹோஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் சீலை எடுங்கள். அது உட்கார்ந்திருந்த காடிதான் (வளையப் பள்ளம்) முக்கியம். பிரேக் மிதித்தால் சீல் லேசாக வளையும். விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும். காடியில் துரு சேர்ந்தால் சீல் பிஸ்டனை நெருக்கிப் பிடிக்கும், அப்புறம் எங்கே திரும்புவது? புது சீல் போட்டும் சில நாளில் மறுபடி இறுகுவது பெரும்பாலும் இதனால்தான். கூராகச் சீவிய மரக்குச்சியால் சுரண்டி, பிரேக் கிளீனர் அடித்து, நகத்துக்குச் சொரசொரப்பே தட்டாத வரை சுத்தம் செய்யுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் கிட்டவே வரக்கூடாது, ரப்பர் ஊதிவிடும்.

பிஸ்டனில் குரோம் உரிந்து குழி விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள், உப்புத்தாள் தேய்த்து ஒப்பேற்ற வேண்டாம்.

புது சீலிலும் பிஸ்டனிலும் புது பிரேக் ஆயில் தடவி, கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். சுத்தியல் தேவைப்பட்டால் பிஸ்டன் கோணலாகப் போகிறது என்று அர்த்தம். டஸ்ட் கவர், புது செம்பு வாஷர் போட்டு, மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்கும் அளவில்) முடுக்குங்கள். பிளீட் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று வெளியேறாது. எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கும் இதே வேலை.

காற்றை எடுத்து முடித்ததும் பெடல் கல்லாக நிற்கிறதா, எங்கும் கசிகிறதா என்று பாருங்கள். சரி என்றால் ஒர்க்‌ஷாப் வாசலுக்குள்ளேயே மெதுவாக உருட்டி, பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டுச் சாலையில் இறங்குங்கள்.